அறிக்கை வராத வருஷம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இன்றைக்கும் குறையவில்லை, அந்தக் காலத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு கடிதம் போட்டால் பதில் வர வேண்டும். வராவிட்டால் ரிமைண்டர் போட வேண்டும். அதற்கும் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசி வளர்ந்து, திருச்சுழித் தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து இங்கிலீஷில் பைல் எழுதினேன். மூன்று பாஷையிலும் உங்களுக்குத் திட்டத்தான் தெரியும் என்று என் மனைவி சொல்வாள்.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. அவர்களுக்கு நிலம் கொடுப்பது என்று சர்க்கார் முடிவு செய்தது. நிலத்துக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் வானம் பார்த்த கரிசல். மழைத் தண்ணீரைத் தேக்க ஊருக்கு ஒரு கண்மாய் உண்டு, பாதிக் கண்மாய்களில் ஆடு மேயும். அப்படிச் செத்துப்போன கண்மாய்களின் உட்புறத்தை அளந்து கொடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். கடந்த பத்து வருஷத்தில் ஒரு முறைகூட நிறையாத கண்மாய் செத்த கண்மாய். இதுதான் விதி. கச்சேரிக் கணக்கை மட்டும் நம்பிச் செய்ய வேண்டாம், படித்தவர் ஒருவர் நேரில் பார்த்து அறிக்கை தரட்டும் என்று மேலே இருந்த யாரோ ஒரு நல்ல மனிதர் குறிப்பு எழுதிவிட்டார். மதுரையில் ஒரு கல்லூரியில் பூகோளம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். ஆடி மாதத்துக்குள் அறிக்கை வந்துவிட வேண்டும்.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. அறிக்கை வரவில்லை. அதைக் கேட்டு வாங்கி மதுரைக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பும் பொறுப்பு எங்கள் கச்சேரிக்கு. கச்சேரியில் அந்த பைல் என் மேஜைக்கு. கலெக்டர் ஆபீஸ் எங்களுக்கு ரிமைண்டர் போடும், நான் பேராசிரியருக்குப் போடுவேன். முதல் இரண்டை மரியாதையாக எழுதினேன். மூன்றாவதில், தாங்கள் சர்க்கார் வேலையை விளையாட்டாக நினைக்கிறீர்களோ என்று கேட்டுவிட்டேன். அதற்கு மட்டும் ஒரு கார்டு வந்தது. முப்பதுக்கு மேற்பட்ட கண்மாய்களில் ஒன்றைத் தவிர எல்லாம் எழுதி முடித்தாயிற்று, அந்த ஒன்றைப் பற்றி எழுதும் நிலையில் தாம் இன்னும் இல்லை என்று இரண்டே வரி. அழகான கையெழுத்து. அந்த அழகைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது.

எங்கள் தாசில்தாரிடம் கார்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அவருக்கு வரும் தை நடுவில் ரிட்டயர் ஆகும் வயசு. கனத்த உடம்பு, இழுப்பு நோய். ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்குவார். மேஜை டிராயரில் வறுத்த கடலை வைத்திருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தோலை ஊதிவிட்டுத் தின்பார். கார்டை வாசித்தார். நல்லது, பைலில் வை என்றார். அவ்வளவுதான். கலெக்டர் ஆபீசுக்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்டேன். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்கள் யாருக்குச் சொந்தம், ரெவின்யூவுக்கா காட்டிலாகாவுக்கா என்று தெளிவுபடுத்தும்படி கேட்டு எழுதச் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. அறிக்கை எங்கே என்று அவர்கள் கேட்டால், மரம் யாருக்கு என்று நாம் கேட்பதா?

ஆனால் கேட்டோம். கலெக்டர் ஆபீஸ் காட்டிலாகாவைக் கேட்டது. காட்டிலாகா மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. பதில் வந்ததும் தாசில்தார் அடுத்ததைக் கேட்டார். கரைமேல் ஒரு அய்யனார் கோயில் இருக்கிறது, சாமியை எங்கே நகர்த்துவது, யாருடைய உத்தரவு வேண்டும்? அதற்கு இரண்டு வாரம். பிறகு, அளக்கும்போது கரையின் அகலத்தைச் சேர்த்து அளப்பதா விட்டு அளப்பதா? கச்சேரி விதி என்னவென்றால், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் எந்த பைலையும் மூட முடியாது. இந்த மனுஷர் ரிட்டயர் ஆகும்வரை பொழுதை ஓட்டுகிறார் என்று நான் பக்கத்து மேஜைக்காரரிடம் பொருமித் தீர்த்தேன். சோம்பேறித்தனத்தை இவ்வளவு பாடுபட்டுச் செய்யும் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த ஒரு கண்மாய் வீரசோழன் என்ற ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊருடையது. சங்கிலி மாதிரி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும் கண்மாய்களில் அது கடைசி. மேலே உள்ளவை நிறைந்து வழிந்தால்தான் இதற்குத் தண்ணீர். அந்த ஊரின் நீர்பாய்ச்சி, அதாவது மடையைத் திறந்து வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர், திங்கட்கிழமை தோறும் கச்சேரிக்கு வருவார். நாற்பது வயசிருக்கும். குச்சி மாதிரி உடம்பு, பெரிய கைகள். வெயிலில் பத்து மைல் நடந்து வந்து, வேப்ப மரத்தடியில் நின்று, எங்க கம்மா பேரு லிஸ்ட்ல இருக்காய்யா என்று கேட்பார். இருக்கிறது என்பேன். சரிங்கய்யா என்று திரும்பிப் பத்து மைல் நடப்பார். செத்த கண்மாய் லிஸ்டில் பேர் இருந்தால் கண்மாய் போய்விடும். கண்மாய் போனால் அந்த ஊரில் நாற்பது வீடும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போக வேண்டியதுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, கணக்கில் பத்து வருஷமும் நிறையவில்லை என்றுதானே இருக்கிறது என்று என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

கார்த்திகை நடுவில் மதுரையிலிருந்து கடைசிக் கடிதம் வந்தது. மார்கழி பத்தாம் தேதிக்குள் அறிக்கை வராவிட்டால், ஆட்சேபம் இல்லை என்று கொள்ளப்பட்டு, கச்சேரிக் கணக்குப்படி லிஸ்ட் முடிவு செய்யப்படும். இனி விளக்கக் கேள்விகள் எதுவும் ஏற்கப்பட மாட்டாது. அந்தக் கடைசி வாக்கியத்தை வாசித்ததும் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, ஒளிப்பானேன். தாசில்தார் கடலை தின்பதை நிறுத்திவிட்டார். நீயே நேரில் போய் அந்தப் பேராசிரியரைப் பார்த்துவிட்டு வா என்றார்.

அப்போது பெட்ரோல் கிடைக்காது, கரி பஸ்தான். பின்னால் ஒரு பெரிய தகர உருளையில் கரியைப் போட்டு எரித்து அந்தப் புகையில் ஓடும். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். வீரசோழன் போய் இறங்கும்போது என் வேட்டியும் முகமும் ஒரே நிறம். பேராசிரியர் ஐப்பசி பிறந்ததுமே கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு முஸ்லிம் வியாபாரியின் மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி மாடியில் வந்து தங்கியிருந்தார். படி ஏறும்போதே தும்மல் பிடித்துக்கொண்டது. திட்ட வேண்டும் என்று பஸ்ஸில் வரிவரியாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒரு வரி, ஒரு தும்மல். ஒரு வரி, ஒரு தும்மல். அவர் பொறுமையாக ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, முதல் நாள் எனக்கும் இப்படித்தான் என்றார்.

ஒல்லியான மனிதர், காதோரம் நரை, முழங்காலுக்குக் கீழ் கரிசல் மண் காய்ந்து வெடித்திருந்தது. அறை முழுக்கக் காகிதம். ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு கட்டு, சணல் போட்டுக் கட்டியது. கரை எவ்வளவு நீளம், மடை எத்தனை, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, எல்லாம் காலால் நடந்து அளந்து எழுதியது. எங்கள் கச்சேரியில் நூறு வருஷமாகக் குவிந்து கிடந்த கணக்குகளில் இல்லாதவை அங்கே இருந்தன. நான் திட்டுவதை மறந்து ஒவ்வொரு கட்டாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் ஒரு வேலையை இப்படியும் செய்ய முடியுமா என்று மலைப்பாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அதற்கப்புறம் என் ஆயுசில் அப்படி ஒரு பைலை நான் பார்க்கவில்லை.

கடைசிக் கட்டில் ஒரு காகிதம் கூட எழுதப்படவில்லை. ஏன் என்று கேட்டேன். அவர் ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தார். அதற்குள் சின்னச் சின்ன நத்தை ஓடுகள். அந்தக் கண்மாயின் கலுங்கு, அதாவது நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் கல் கட்டு, அதன் உச்சிக் கற்களின் இடுக்கில் எடுத்தவை என்றார். தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்து பல நாள் நின்றிருந்தால் ஒழிய நத்தை அங்கே ஏறியிருக்காது. இதைப் பார்த்ததும் ஊரில் கேட்டிருக்கிறார். ஒருத்தர் விடாமல், கம்மா நெறஞ்சு பத்து வருசமாச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் மோர் வாங்கிக் குடித்த வீட்டில், பிள்ளைக்கு என்ன வயசு என்று சும்மா கேட்டிருக்கிறார். அந்தப் பெண், கம்மா மறுகா போன அன்னைக்குப் பெறந்தவன், மூணு முடிஞ்சிருச்சு என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். மறுகால் போவது என்றால் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வழிவது. எங்கள் பக்கம் பெண்கள் தேதியை அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள், காலண்டரில் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என்றால் சண்டைக் காலம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அப்போது நெல் கொள்முதல் நடந்தது. விளைந்ததில் சாப்பாட்டுக்குப் போக மிச்சத்தை சர்க்கார் எடுத்துக்கொள்ளும். சாப்பாடு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதையும் சர்க்காரே சொல்லும். நெல்லை ஒளித்தால் ஜெயில். அந்த ஊர்க்காரர்கள் நெல்லை மட்டும் ஒளிக்கவில்லை. கண்மாயையே ஒளித்துவிட்டார்கள். தண்ணீரே வரவில்லை என்று சொல்லிவிட்டால் நெல் எங்கிருந்து வரும்? அந்த ஒரு பொய்தான் இப்போது கண்மாயைக் கொல்ல வந்து நிற்கிறது. பத்து வருஷத்தில் நிறைந்த ஒரே வருஷம் அது.

பேராசிரியர் நிதானமாகச் சொன்னார். "நான் பாக்காததை எழுத மாட்டேன். பாத்ததை எழுதினா ஒரு ஊரே ஜெயிலுக்குப் போகும். இந்த வருஷம் மழை பெஞ்சு என் கண்ணு முன்னால நெறஞ்சா, அதை மட்டும் எழுதிட்டுப் போயிடலாம்னு உக்காந்திருக்கேன்."

நான் மூன்று ரிமைண்டர் போட்டது வானத்துக்கு என்று அப்போது தெரிந்தது. விளையாட்டாக நினைக்கிறீர்களோ என்று எழுதிய அந்த வரி என் நெஞ்சைச் சுட்டது. மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. தும்மினது ஞாபகம் இருக்கிறது.

கச்சேரிக்குத் திரும்பி தாசில்தாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூச்சு வாங்கினார். மேகம் ஏதாவது தெரிந்ததா என்று மட்டும் கேட்டார். மரம் யாருக்கு, சாமியை எங்கே நகர்த்துவது, கரையைச் சேர்த்தா விட்டா என்று அவர் கேட்ட கேள்வியெல்லாம் ஒவ்வொன்றாக என் தலைக்குள் வந்து நின்றது. அத்தனையும் மழைக்கு வாங்கிய தவணை. இவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். ஒரு பைலை உயிரோடு வைத்திருக்க ஒரு மனுஷர் இவ்வளவு வித்தை செய்திருக்கிறாரே என்ற வியப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மார்கழி எட்டாம் தேதி மறுபடி என்னை அனுப்பினார். அறிக்கையை எந்த நிலையில் இருந்தாலும் வாங்கி வர வேண்டும். வீரசோழனில் இறங்கினால் பேராசிரியர் அறையில் இல்லை. மேற்கே கருத்திருக்கிறது, விடியற்காலையிலேயே அந்த ஊருக்கு நடந்துவிட்டார் என்று கிட்டங்கிக்காரர் சொன்னார். ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பாதி வழியில் மழை பிடித்தது. கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, சைக்கிள் நகரவில்லை. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு முதல் தடவையாக எனக்குக் கோபம் வரவில்லை.

கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரே அங்கே நின்றது. பேராசிரியர் அளவு போட்ட மூங்கில் கழியோடு மடைக்குப் பக்கத்தில் நின்றார். மழை ஓய்ந்துகொண்டிருந்தது. கண்மாய்க்குள் வெடித்த மண்ணும் கருவேல மரங்களும் நனைந்து கிடந்தன. தண்ணீர் இல்லை. எல்லோரும் வரத்துக்கால் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலில் வாசனை வந்தது. பிறகு ஒரு சத்தம், தூரத்தில் நிறையப் பேர் சருகு மேல் நடந்து வருகிற மாதிரி. நீர்பாய்ச்சி வரத்துக்காலுக்குள் மண்வெட்டியோடு முன்னால் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளித் தண்ணீர். நான் ஆற்றுத் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன், கிணற்றுத் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன். காய்ந்த பூமிக்குத் தண்ணீர் நடந்து வருவதை அதற்கு முன் பார்த்ததில்லை. நுரையும் குச்சியும் ஆட்டுப் புழுக்கையும் எறும்புக் கூட்டமுமாக, காப்பி நிறத்தில், ஒரு சாண் உயரத்தில் வந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கும், குமிழி விடும், நிரம்பும், மேலே ஏறி அடுத்ததற்குப் போகும். வெடிப்புகளிலிருந்து பூரானும் நண்டும் வெளியே வந்து ஓடின. பக்கத்தில் நின்ற ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். என் கையும் குவிந்திருந்தது என்று பிறகுதான் பார்த்தேன். குமாஸ்தா உத்தியோகம், கலெக்டர் ஆபீஸ், பத்தாம் தேதி எல்லாம் எனக்கு மறந்தே போயிற்று. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

மத்தியானம் வரை ஏறியது. மடைக்கல்லில் பாதிக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. மேற்கே வானம் வெளுத்து, வெயில் அடித்தது. பேராசிரியர் கழியைத் தண்ணீரில் ஊன்றி ஒரு நாழிகை நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏறவில்லை. மேல் கண்மாய்க்காரர்கள் வரத்துக்கால் வாயை அடைத்திருப்பார்களோ என்று ஊர்க்காரர்கள் ஓடிப் போய்ப் பார்த்து வந்தார்கள். அடைக்கவில்லை, அங்கேயே அவ்வளவுதான். ஒரு போகத்துக்குப் பாதி வயல் நடலாம். விதிக்கு ஆகாது. விதி நிறைந்ததா என்றுதான் கேட்கும், பாதியா என்று கேட்காது.

நீர்பாய்ச்சி பேராசிரியரிடம் வந்து, நெறஞ்சிருச்சுன்னு எழுதிருங்கய்யா என்று கேட்டார். பேராசிரியர் கழியை அவரிடமே காட்டினார். பாதி இருக்கு, பாதின்னுதான் எழுத முடியும் என்றார். இரண்டு மாதத்துக்கு மேல் மிளகாய் நெடியில் உட்கார்ந்திருந்தது இந்தப் பாதிக்காகவா என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை கூட்டி எழுதினால் யார் வந்து அளக்கப் போகிறார்கள் என்று நானும் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

நீர்பாய்ச்சி மண்வெட்டியைக் கரையில் சாத்திவிட்டு, பேராசிரியரை விட்டுவிட்டு, என் முன்னால் வந்து நின்றார். நான்தானே சர்க்கார்.

"ஐயா, மூணு வருசத்துக்கு முந்தி இந்தக் கம்மா பெருகுச்சு. மறுகா நாலு நாளு போச்சு. நெல்லெடுக்க வந்தவுககிட்டத் தண்ணியே வரலேன்னு சொன்னவன் நானு. ஊரு சொல்லலை. நான் ஒருத்தந்தான். என் பேருல எழுதிக்கங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவருடைய மச்சினர்போல ஒருத்தர், ஏலே, சும்மா இருலே என்று கையைப் பிடித்து இழுத்தார். அவர் உதறிவிட்டார். நீங்கள் சொல்வதற்கு ஜெயில் உண்டு, தெரியுமா என்று கேட்டேன். தெரியும்யா என்றார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து, சைக்கிள் சீட்டின் மேல் வைத்து வாக்குமூலத்தை எழுதினேன். மைப் பெட்டி இல்லை; பேனா மையைக் கட்டைவிரலில் தடவிப் பதிய வைத்தேன். விரல் முழுக்க மண்வெட்டி பிடித்த வெடிப்பு, ரேகை சரியாக விழவில்லை. மூன்று தடவை பதித்தோம். பேராசிரியர் நத்தை ஓடுகளைப் பற்றியும், இன்று தாம் கண்ட பாதித் தண்ணீரைப் பற்றியும், கரையிலேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அறிக்கை முடிந்தது.

ஒன்பதாம் தேதி காலையில் எல்லாவற்றையும் தாசில்தார் மேஜையில் வைத்தேன். அறிக்கையைப் புரட்டினார், வாக்குமூலத்தை இரண்டு முறை வாசித்தார். இதை அனுப்பினால் பிரயோஜனம் இல்லை என்றார். கண்மாயைக் காப்பாற்றிக்கொள்ள ஒருத்தன் இப்போது எதையும் சொல்வான் என்று மதுரையில் ஒதுக்கிவிடுவார்கள், தண்ணீர் இல்லை என்று கச்சேரி கொடுத்த சர்டிபிகேட் அப்படியே இருக்கிறதே என்றார். அந்த சர்டிபிகேட்டை எடுத்து வரச் சொன்னார். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தேன். கீழே இருந்த கையெழுத்து அவருடையது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "நான் போயி அந்தக் கரை மேல நின்னேன் தம்பி. மறுகா போயிக்கிட்டிருந்துச்சு. அதுக்கு முந்தி ரெண்டு வருஷம் அந்த ஊருல பிள்ளைகளுக்குக் கூழுக்கே வழியில்லை. தண்ணி இல்லைன்னு எழுதிட்டு வந்துட்டேன்."

பிறகு வாக்குமூலத்துக்குக் கீழே, மிச்சமிருந்த இடத்தில், தன் கையால் நாலு வரி எழுதினார். அந்தத் தேதியில் கண்மாய் நிறைந்து வழிந்ததை நேரில் கண்டதாகவும், கண்ட பிறகும் வறண்டதாகச் சர்டிபிகேட் கொடுத்ததாகவும், அப்படி எழுதும்படி ஊரில் ஒருவரும் தன்னைக் கேட்கவில்லை என்றும். மேலே ஒருத்தர் நான்தான், நான் ஒருத்தன்தான் என்கிறார். கீழே ஒருத்தர் நான்தான், வேறு யாரும் இல்லை என்கிறார். பொறுப்பை அடுத்த மேஜைக்குத் தள்ளுவதைத்தான் நான் கச்சேரியில் பார்த்துப் பழகியிருந்தேன். ஒரே காகிதத்தில் இரண்டு பேர் அதை இழுத்துத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நானே அதைப் பதிவு செய்து, நானே கட்டி, அன்றைய தபாலில் சேர்த்தேன்.

மார்கழி முடிவதற்குள் மதுரையிலிருந்து பதில் வந்துவிட்டது. அறிக்கை ஏற்கப்பட்டது. ஆனால் அந்தக் கடைசிக் கண்மாயைப் பொறுத்தவரை, தாசில்தார் எழுதியிருக்கும் குறிப்பு அவருடைய சுய நினைவோடு எழுதப்பட்டதுதானா என்று அவர் எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்தால் கண்மாய் லிஸ்டிலிருந்து நீங்கும், அவர்மேல் நடவடிக்கை வரும். மறுத்தால் குறிப்பைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறோம். யாரோ அவர்மேல் இரக்கப்பட்டுத்தான் அப்படி ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தார்கள். ரிட்டயர் ஆக அவருக்கு இன்னும் பதினெட்டு நாள்.

அன்றைக்கே உறுதி செய்து இரண்டு வரி எழுதி, உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். தபாலில் சேர்க்கச் சொன்னார். சரி என்று வாங்கி வந்தேன். சேர்க்கவில்லை.

வருஷம் முழுக்கத் தாமதம் தாமதம் என்று குதித்தவன் நான். அந்த உறையை மட்டும் பதிவேட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். பதினெட்டு நாள் இப்படியே கிடந்தால் அவர் மரியாதையாக ரிட்டயர் ஆகிவிடுவார், பென்ஷனுக்குப் பங்கம் வராது, பிறகு அனுப்பினால் என்ன? அதற்குள் லிஸ்ட் முடிவாகிக் கண்மாய் போய்விடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வைத்தேன். அவர் இழுப்போடு படியேறி வருவதைப் பார்க்கும்போது அந்த நாற்பது வீடும் எனக்குத் தூரமாகத் தெரிந்தன. திங்கட்கிழமை நீர்பாய்ச்சி வந்தார். பேரு எடுத்துட்டாகளாய்யா என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். சரிங்கய்யா என்று திரும்பி நடந்தார்.

அவர் போனதைத் தாசில்தார் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். எழுந்து என் மேஜைக்கு வந்தார். பதிவேட்டைத் தூக்கினார், உறையை எடுத்தார், தூசியைத் தன் வேட்டியில் துடைத்தார். என்மேல் ஒரு கோபமும் இல்லை அவர் முகத்தில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் கொண்டுபோகிறேன் என்று எழுந்தேன். நீ உட்காரு தம்பி என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, குடை இல்லாமல், அந்த வெயிலில் பஸ் நிற்கும் இடத்துக்குத் தானே நடந்து போனார். வழியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். பஸ் புறப்பட இருந்தது. கண்டக்டர் உறையை வாங்கித் தபால் பைக்குள் போட்டார்.

தை மாதம் ஒரே உறையில் இரண்டு உத்தரவு வந்தன. கண்மாய் லிஸ்டிலிருந்து நீக்கப்பட்டது என்று ஒன்று. தாசில்தார் பதவி இறக்கப்பட்டு, இறங்கிய பதவியிலேயே ரிட்டயர் ஆவார் என்று இன்னொன்று. நீர்பாய்ச்சி மேல் நடவடிக்கை என்று இரண்டிலும் ஒரு வரி இல்லை. இரண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர் அவரேதான். முதல் உத்தரவை என்னிடம் கொடுத்து, இன்றைக்கே அந்த ஊருக்குப் போய்ப் படித்துக் காட்டிவிட்டு வா, அடுத்த திங்கட்கிழமை அந்த ஆளை நடக்க விடாதே என்றார்.